மலைநாட்டில் மறைந்தோரின் இடம் அறிதல்

கல்லூரி விழா மலர் ஒன்று கைக்கு வந்ததும் பழைய மாணவர் பலர் முதலிற் புரட்டுவது வாழ்த்துரைப் பக்கங்களை அன்று. மறைந்தோரின் பெயர்கள் நிரலாக அச்சிடப்பட்ட பக்கத்தையே ஆகும். அந்நிரலிற் சில பெயர்களின் எதிரே அட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா என ஊர்ப்பெயர் மட்டும் நிற்கக் காணலாம். ஆங்கிலமும் கணக்கும் கற்றுக் கல்லூரியை விட்டு வெளியேறிய இளைஞர் பலர், கடந்த நூற்றாண்டின் முற்பாதியில், தோட்டக் கந்தோர்களில் எழுதுவினைஞராயும், டிஸ்பென்சர் என வழங்கும் மருந்தாளராயும், ஆசிரியராயும், புகையிரத நிலைய அதிபராயும் மலையேறினர். பெரும்பாலார் ஓய்வுபெற்று ஊர் மீண்டனர். மீளாதாரும் சிலர் உளர். அவர்கள் எங்கே, எவ்வாறு அடங்கினர் என்பதை இன்று அவர்தம் பேரர் வினவுகின்றனர்.

இதே வினா கடலுக்கு அப்பாலிருந்தும் வருகின்றது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாட் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்ற அம்மக்களுட் பலர் நீலகிரியிற் கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களில் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் மீட்டெடுக்க முடியாதவை பெற்றோரின் புதைகுழிகளே. அங்குப் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், "எங்கள் பாட்டனார் டிம்புள்ளைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் இறந்தார், இடம் காண வழியுண்டா?" என்று எழுதிக் கேட்கின்றனர்.

இவ்விரு திறத்தார்க்கும் உதவும் பொருட்டு, நாம் எம் குடும்பத்துப் பெரியவர் ஒருவரைத் தேடியபோது கற்றுக்கொண்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம். முன்னரே ஒன்று சொல்லிவிடல் நன்று. மலைநாட்டிற் கல்லறைக் கல்லைத் தேடிப் புறப்படுவோர் பெரும்பாலும் ஏமாற்றம் அடைவர். முதலில் ஏட்டைத் தேடல் வேண்டும். ஏடு காட்டும் வழியிலேயே மலையேறல் வேண்டும்.

கல்லறையும் ஏடும் ஒருங்கே கிடைத்தவர்களை முதலிற் பார்ப்போம். அட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்வோர் அங்கே சென் மேரிஸ் தேவாலயத்தின் சேமக்காலையைக் காணலாம். ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் போற்றும் யூலியா மார்கரட் கமரன் அம்மையார் அடக்கஞ் செய்யப்பட்ட இடம் அது. 1815 இற் கல்கத்தாவிற் பிறந்து, 1875 இற் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறிய அம்மையார், 1879 ஆம் ஆண்டு சனவரி 26 ஆம் நாள் டிக்கோயாவிற் கிளென்கேண் தோட்டத்தில் இறந்தார். இலங்கையிலும் அவர் படம் எடுத்தார். அப்படங்களிற் சில பெயர் தெரியாத தமிழ் ஆடவர் பெண்டிரைக் காட்டுவன. கணவர் சாள்ஸ் ஹே கமரன் நம் நாட்டுச் சரித்திரம் படித்த மாணவர் யாவரும் அறிந்த கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவின் கமரனே ஆவர். 1880 இல் இறந்த அவரும் அச்சேமக்காலையிலேயே துயில்கின்றார்.

நுவரெலியாவில் மேசர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பாரின் சமாதி கொல்ப் விளையாட்டுத் திடலை அடுத்துளது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பேசப்படும் அவர், 1845 ஆம் ஆண்டு சூன் 7 ஆம் நாள் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர்தம் சமாதியிலும் பின்னர் இடி விழுந்ததென ஊரார் சொல்லும் கதையை மலைநாட்டிற் கேளாதார் இலர். வாயில்லா விலங்கின் சாபம் என்று அதனை முடிப்பர். மெய்யோ பொய்யோ, அக்கதையே அச்சமாதியை மறக்கவிடாது காத்து வருகின்றது.

மூன்றாமவர் ஜேம்ஸ் டெய்லர். லூல்கந்துர தோட்டத்தில் 1867 இற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இந்நாட்டின் தேயிலைத் தொழிலைத் தொடக்கியவர் இவரே. 1892 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் நாள் வயிற்றுளைச்சலால் இறந்தார். பருத்த உடலினரான அவரைக் கண்டி மகையாவைச் சேமக்காலைவரை தோட்டத் தொழிலாளர் இருபத்து நால்வர் சுமந்து சென்றனர். பன்னிருவர் பன்னிருவராய் மாறி மாறித் தோள் கொடுத்தனர் என எழுதி வைத்துள்ளனர். டெய்லரின் வயது, நோய், இறந்த நாள், கல்லில் வெட்டிய வாசகம் யாவும் நமக்குக் கிடைக்கின்றன. சுமந்த இருபத்து நால்வர் பற்றிக் கிடைப்பது அவ்வெண் ஒன்றே.

துரைமாரின் குழிகள் நூறாண்டு கடந்தும் எளிதிற் கிடைத்தற்குக் காரணம் கல்லின் உறுதி மாத்திரம் அன்று. அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் மழையும் பாசியும் கல்லெழுத்தையும் விரைவில் அரித்துவிடும். ஆனால் அவர்களைச் சுற்றி ஏடுகள் பல இருந்தன. பேர்குசன் குடும்பத்தார் ஆண்டு தோறும் வெளியிட்ட இலங்கை டிரெக்டரியில் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரும் பரப்பும் துரையின் பெயரும் அச்சாயின. தேவாலயங்களில் அடக்கப் பதிவேடு இருந்தது. கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகள் இறந்தோர் செய்தியை வெளியிட்டன. யாழ்ப்பாணத்திலும் பின்னர் கண்டியிலும் அரசாங்க அதிபராய் இருந்தவரும், வன்னி நாட்டைப் பற்றிய நூலை எழுதியவருமான ஜே. பி. லூயிஸ் என்னும் துரை, தீவு முழுவதிலும் உள்ள கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913 இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். நினைவுக்கல் நாட்டப்படாதோரின் இறப்புச் செய்திகளும் அந்நூலின் தலைப்பிலேயே இடம் பெற்றுள. இப்பெருமுயற்சி பாராட்டுக்குரியதே. எனினும் அதிற் காணப்படுவோர் பெரும்பாலும் ஐரோப்பியர். தேயிலைச் செடிக்கு அடியில் நினைவுக்கல் இன்றிக் கிடப்போரைத் திரட்ட அக்காலத்தில் ஒருவரும் எண்ணிலர்.

நம்மவருள் ஒருவர் பெயரும் இறந்த நாளும் இறந்த வகையும் ஐயமின்றி எழுதப்பட்டமைக்கு நாம் அறிந்த நல்ல சான்று முல்லோயா கோவிந்தன். டெய்லரின் தோட்டம் இருந்த அதே ஹேவாஹெட்டப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு அவர் பலியானார். நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக விசாரணைக் குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவியார் சார்பிற் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதித்தார். ஒரு தொழிலாளியின் இறப்பு அவ்வளவு விரிவாக எழுதப்படுவதற்குத் துப்பாக்கிக் குண்டும் ஓர் ஆணைக்குழுவும் வேண்டியிருந்தன. நோயினாலும் முதுமையினாலும் இறந்த இலட்சக் கணக்கானோர்க்கு அவ்வாய்ப்பு ஏது?

ஆயினும் அவர்களும் எழுதப்படாது போயினர் என எண்ணிவிடல் ஆகாது. பிறப்பு இறப்புப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் இலங்கையில் 1867 ஆம் ஆண்டில் வந்தது. கோப்பிக் காலத்தின் தொடக்கத்தில், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து, பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தோர் இச்சட்டத்துக்கு முற்பட்டவர்கள்; அவர்களைத் தேடுதல் வீண் முயற்சி என்று வருத்தத்துடன் கூறுகின்றோம். பிற்பட்டோர்க்கு நம்பிக்கை உண்டு. இன்று நடைமுறையில் உள்ளது 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம். தோட்டத்தில் நிகழும் இறப்பைத் தோட்டத்துரை எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும் என்பது விதி. அவ்வறிக்கையின் மீதே பதிவு நிகழும். ஆதலின் அயற் கிராமப் பதிவாளரின் ஏட்டிற் பெயர் இல்லையெனக் கேட்டு மனந்தளர்ந்து திரும்புவோர், மாவட்டப் பதிவாளரிடமும், பின்னர் பதிவாளர் நாயகத்தின் தலைமை அலுவலகத்திலும் வினவுதல் வேண்டும். நாம் முதன்முறை வெறுங்கையோடு திரும்பியமைக்கு இதனை அறியாமையே காரணம்.

மரணப் பதிவின் ஒவ்வொரு கூடும் ஒரு சாட்சி எனலாம். இறந்த நாளும் இடமும், முழுப்பெயர், பால், இனம், வயது, தொழில், பெற்றோர் பெயர், அறிவித்தவர் பெயர் என்பன அதில் உள. இவற்றுள் நம் தேட்டத்துக்கு உயிராயது மரண காரணத்தை எழுதும் கூடு. பிற்காலப் படிவத்தில் அக்கூட்டிலேயே அடக்கம் அல்லது தகனம் நிகழ்ந்த இடமும் எழுதப்படும். மரணச் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைத்திருப்போர் பலர் அவ்வரியைப் படித்ததே இல்லை. காணிக்கும் ஓய்வூதியத்துக்கும் நாளும் பெயரும் போதுமாயிருந்தமையால், எஞ்சியவற்றை நோக்கார் போலும்.

பெயர்தான் பெருந்தடை. தோட்டப் பதிவுகள் நெடுங்காலம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. தமிழ் அறியாத ஒருவர் காதாற் கேட்டு எழுதிய பெயரிற் கறுப்பாயி கார்பாய் ஆவாள். வீராயி வீரை ஆவாள். ராமசாமியின் சாமி ஒரு பக்கத்தில் இருக்கும், மறு பக்கத்தில் இராது. ஒரே பிரிவில் முத்துசாமிகள் ஐவர் இருந்தால், தகப்பன் பெயர் கொண்டே வேறுபடுத்தல் கூடும். எனவே தேடுவோர் பெயரை மட்டும் கொண்டு செல்லாது, தகப்பன் பெயர், மனைவி அல்லது கணவன் பெயர், ஏறக்குறைய வயது, பெரிய கங்காணியின் பெயர் ஆகியவற்றையும் எழுதிச் செல்லல் வேண்டும். பெயரை வாய்விட்டு உரக்கச் சொல்லிப் பார்த்து, ஆங்கில எழுத்தில் அது எத்தனை விதமாய் வரக்கூடும் என முற்கூட்டியே நிரற்படுத்தி வைத்தல் நலம். நேரப்போக்குப் போலத் தோன்றும் இவ்வேலை, ஏட்டின் முன் அமர்ந்தபோது எமக்குப் பெரிதும் கைகொடுத்தது.

அடுத்த தடை தோட்டத்தின் பெயர். துரைமார் தம் நாட்டு ஊர்களின் பெயரை இட்டனர். நம் மக்களோ அத்தோட்டத்தைப் பழைய கங்காணியின் பெயராலோ, ஆற்றின் பெயராலோ, பெரிய தோட்டம், புதுத்தோட்டம் என்றோ வழங்கினர். குடும்பத்தில் வழிவழி வந்த பெயர் அரசாங்க ஏட்டில் இராது. தோட்டத்துக்குள்ளும் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு எனப் பிரிவுகள் உண்டு. சில பிரிவுகளுக்குத் தனித்தனி இடுகாடும் உண்டு. பின்னர் தோட்டங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டமையால், அன்று தனித்தோட்டமாய் இருந்தது இன்று வேறொன்றின் பிரிவாய் இருத்தல் கூடும். பழைய டிரெக்டரிகளையும் நில அளவைப் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அட்டன் கடைத்தெருவில் வயது முதிர்ந்தோர் ஒருவரிடம் கேட்பதே இதற்குத் தக்க வழி.

தோட்டக் கந்தோரிலும் ஏடுகள் இருந்தன. பிரட்டுக்களத்திற் பேர் போடும் செக்ரோல் புத்தகத்தில் ஒருவர் பெயர் எந்த மாதத்தில் நின்றதோ அதுவே அவர் இறந்த அல்லது நீங்கிய காலத்தைக் காட்டும். ஆனால் 1975 இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. இரு கைம்மாற்றங்களுக்கு இடையிற் பழைய புத்தகங்கள் மழைநீர் ஒழுகும் கொட்டில்களிற் கிடந்து மக்கிய கதையைத் தோட்டத்துக்குத் தோட்டம் கேட்டோம். எஞ்சியிருப்பதை இன்றே பார்க்க வேண்டும் என்பதைத் தவிர இதிற் சொல்லத்தக்கது வேறில்லை.

இன்னோர் ஆவணம் பலருடைய வீட்டுத் தகரப் பெட்டிகளிலேயே கிடக்கின்றது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராய் நின்ற மக்கள், 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பிற் சென்றன. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வதிந்தமையைக் காட்டல் வேண்டும் என்றனர். அதனாற் குடும்பத்தார் பெயரும், வதிந்த தோட்டங்களும், வதிந்த காலமும் எழுதப்பட்டன. பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன என்பது யாவரும் அறிந்ததே. உரிமையை மறுத்த அக்காகிதமே இன்று பாட்டனார் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதைப் பேரனுக்குச் சொல்லும் காகிதமாய் இருக்கின்றது. நீலகிரியிலிருந்து வினவுவோர் இதனையும், கப்பலேறும்போது கொடுக்கப்பட்ட குடும்ப அட்டையையும் முதலிற் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.

கிறித்தவராய் இருந்தோர்க்குத் திருச்சபை ஏடுகள் துணை. தோட்டத் தமிழரிடையே ஊழியஞ் செய்யத் தமிழ்க் கூலி மிசன் 1854 இலேயே நிறுவப்பட்டது. சைவருக்கு அத்தகைய ஏடு இல்லாமை பெருங்குறை. நம் கோயில்களில் உபயகாரர் பெயர் எழுதும் வழக்கம் உண்டு; இறந்தோர் பெயர் எழுதும் வழக்கம் இல்லை.

இனி மரண அறிவித்தல்களைப் பற்றிச் சிறிது. வீரகேசரி 1930 ஆம் ஆண்டு ஆகத்து 6 ஆம் நாளும், தினகரன் 1932 இலும் தொடங்கின. யாழ்ப்பாணத்தில் இந்துசாதனம் 1889 முதலும், ஈழகேசரி 1930 முதல் 1958 வரையும் வெளிவந்தன. அட்டனைத் தம் இருப்பிடமாகக் கொண்டு தொழிலாளருக்கு உழைத்த கோ. நடேசையர் 1924 இலேயே தேசபக்தனை நடத்தினார். இப்பத்திரிகைகளைக் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பார்வையிடலாம். ஒரு பகுதியை 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆயினும் பத்திரிகையில் மரண அறிவித்தல் வெளியிட்டோர் எழுதுவினைஞர், ஆசிரியர், வணிகர், பெரிய கங்காணிமார் ஆகிய சிலரே. லயத்தில் ஒருவர் இறந்தால் அயற்றோட்டங்களுக்குக் கேதஞ் சொல்ல ஆள் நடந்து போகும். அச்செய்தி சொல்லியவர் வாயோடு முடிந்தது.

யாழ்ப்பாணத்தார்க்குச் சிறப்பாய் உரிய ஆவணம், அந்தியேட்டி நாளில் வெளியிடும் கல்வெட்டு. அதிலுள்ள திதி வெண்பாவை இளைஞர் பலர் புரியாத பாட்டெனத் தள்ளிவிடுவர். அது நாளைப் பூட்டி வைத்த பெட்டி. ஆண்டு, மாதம், பக்கம், திதி நான்கும் அதனுள் இருக்கும். பழைய பஞ்சாங்கங் கொண்டு அதனை ஆங்கிலத் தேதியாக மாற்றிவிட்டாற் பதிவாளரிடம் செல்லலாம். அறுபதாண்டுக்கு ஒருமுறை ஆண்டின் பெயர் மீளும் என்பதை மறத்தல் ஆகாது. துன்முகி என்றால் 1896 உம் ஆகலாம், 1956 உம் ஆகலாம், 2016 உம் ஆகலாம்.

எம் தேட்டம் துன்முகியிலேயே தொடங்கியது. எம் பாட்டனாரின் தமையனார் நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையே ஒரு தோட்டத்தில் மருந்தாளராய் இருந்தவர். மணஞ்செய்யாதவர். துன்முகி ஆண்டு ஆடி மாதத்து அபரபக்க ஏகாதசியில் இறந்தார் எனக் கல்வெட்டுக் கூறியது. அது 1956 ஆகத்துத் தொடக்கம். அக்காலத்து வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த அறிவித்தலைக் கண்டெடுத்தோம். தகனக் கிரியைகள் தோட்டத்திற் சைவ முறைப்படி நிகழ்ந்தன என்று அதிற் கண்டிருந்தது. சாம்பல் மகாவலியிற் கரைக்கப்பட்டது என்பது வீட்டில் வழங்கிய செய்தி. ஆகவே தேடுதற்கு யாதுமில்லை என்றே குடும்பத்தார் எண்ணினர்.

ஐயம் ஆற்றினால் எழுந்தது. பொகவந்தலாவைப் பக்கத்து நீரெல்லாம் கெசல்கமுவ ஓயா வழியாகக் களனி கங்கைக்குச் செல்வது. மகாவலி மலைத்தொடருக்கு மறுபுறம். அவ்வளவு தொலைவு சாம்பலைக் கொண்டு சென்றார் யார்? ஊரிலிருந்து ஒருவரும் போகவில்லை. தந்தி பிந்தியே கிடைத்தது என்பதும் வீட்டில் வழங்கிய செய்திதான். மலைநாட்டைப் பாராத ஒருவர் தம் மனத்தில் இருந்த ஆற்றின் பெயரைச் சொல்லியிருத்தல் வேண்டும் என ஊகித்தோம்.

மரணப் பதிவை எடுத்தோம். பெயரில் ஓரெழுத்துப் பிழை. தகப்பன் பெயரில் இரண்டு. தொழில் சரி. காரணம் நெஞ்சுச் சளிக் காய்ச்சல். அதன் கீழே, அடக்கம், தோட்டத்து இடுகாடு என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பத்திரிகை அறிவித்தல் சுற்றத்தாரின் மனம் ஆறுதற்கு எழுதப்படுவது. பதிவு சட்டத்துக்காக எழுதப்படுவது. இரண்டும் மாறுபட்டாற் பதிவையே முதலில் நம்பல் வேண்டும் என்பதை அன்று கண்டுகொண்டோம். பொய் சொன்னவர் எவரென இன்று ஆராய்வதிற் பயனில்லை. அறிவித்தலை எழுதியவர் எம் பாட்டனாராகவே இருத்தல் கூடும்.

சென்ற ஆண்டு மலைக்குச் சென்றோம். வழியிற் பொகவந்தலாவையிற் கமரன் தம்பதியரின் கல்லறையைக் கண்டு நின்றுவிட்டுத் தோட்டத்துக்குப் போனோம். கந்தோரில் 1956 ஆம் ஆண்டின் புத்தகம் ஒன்றும் இல்லை. இளைஞரான கணக்கப்பிள்ளை அன்புடன் எம்மை ஓய்வுபெற்ற கங்காணி ஒருவரிடம் அழைத்துச் சென்றார். எண்பதைக் கடந்த அப்பெரியவர் மருந்துக்கார ஐயாவை நினைவு வைத்திருந்தார். அவ்வாடியிற் பல நாள் விடாமழை, விறகு பற்றவில்லை, ஊரிலிருந்து ஆள் வரும் என இரண்டு நாள் வைத்திருந்து, பின்னர் லயத்து ஆட்களே குழி வெட்டி அடக்கினர், தம் தந்தையார் தப்படித்தார் என்றார். இரவென்றும் பாராது லயத்துக்கு வந்து மருந்து கொடுத்தவருக்கு நாங்கள் செய்யாமல் யார் செய்வது என்று அவர் கேட்டபோது நாம் தலைகுனிந்தோம்.

இடுகாடு ஒரு சரிவில் உள்ளது. கற்கள் ஐந்தாறு, சீமெந்து கட்டிய சமாதி ஒன்று, பெரிய கங்காணியினது. மற்றவை மண்மேடுகள், மழை கரைத்துத் தாழ்த்தியவை. ஒரு மருங்கில் மரக்கறித் தோட்டம் ஏறி வந்துகொண்டிருக்கின்றது. சவுக்கு மரத்துக்கும் நீரோடைக்கும் நடுவே என்று பெரியவர் கையாற் காட்டினார். இன்ன மேடு என்று அவராற் சொல்ல இயலவில்லை; நாமும் வற்புறுத்தவில்லை. அவ்விடைவெளியிற் கற்பூரம் ஏற்றினோம். எம்மவர் இந்த அளவு பேறு பெற்றனர். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிற் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது. நீர் வற்றும் காலத்தில் மட்டும் அங்கிருந்த முருகன் கோயில் தலை காட்டும். அந்நீரின் கீழ் தம்மவரை விட்டோர்க்குக் கரையில் நின்று பார்த்தலே கூடும்.

திரும்புகையிற் பெரியவர் எம் கையிலிருந்த பதிவுப் பிரதியை வாங்கி, எழுத்து அறியாதவராயினும், நெடுநேரம் பார்த்தார். பின்னர், "ஐயா, எங்க பாட்டி பேரும் அந்தப் பொஸ்தகத்துல இருக்குங்களா?" என்று வினவினார். அவர் பிறக்கு முன்னே அதே சரிவில் அடங்கிய பாட்டியாராம். நாள் தெரியாது, யுத்தம் தொடங்குமுன் என்று மட்டும் தாயார் சொல்லக் கேட்டதுண்டாம். பாட்டியின் பெயர், பாட்டனின் பெயர், பிரிவு, பெரிய கங்காணியின் பெயர் ஆகியவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். அப்பெயர் ஆங்கிலத்தில் வரக்கூடிய ஏழு விதங்களையும் எழுதி, 1930 முதல் 1939 வரை தேடுமாறு மாவட்டப் பதிவாளருக்கு விண்ணப்பம் அனுப்பியுள்ளோம். மறுமொழி இன்னும் வரவில்லை.